சீசன் இல்லாத நேரத்தில் வந்தவன்

"அமாவாசையும் இல்லை, அப்பனுக்குத் திதியும் இல்லை. ஒண்ணுமில்லாத நாள்ல ராமேஸ்வரத்துல உனக்கென்ன சோலி?" என்று அம்மா கேட்டாள். சிரித்து மழுப்பிவிட்டுக் கிளம்பினேன். வண்டி தாராபுரம் தாண்டியும் அந்தக் கேள்வி முன்கண்ணாடியில் ஒட்டிய பூச்சி மாதிரி விடாமல் கூடவே வந்தது.

சீசன் என்ற சொல் திருப்பூர்க்காரனுக்குப் புதிதில்லை. கார்த்திகை, மார்கழிக் குளிரில் நாங்கள் தைக்கும் கையில்லாத பனியன் வெளிநாட்டுக்காரர்களுடைய கோடைக்கு. எங்கள் சித்திரை வெயிலில் தைக்கும் முழுக்கைச் சட்டை அவர்களுடைய குளிருக்கு. எப்போதும் இன்னொரு ஊரின் பருவத்தில்தான் எங்கள் பிழைப்பு. எனக்கு ஃபேப்ரிகேஷன் யூனிட். எக்ஸ்போர்ட்டர் துணியை வெட்டிப் பண்டலாகக் கட்டி அனுப்புவார். ஓவர்லாக், பிளாட்லாக், சிங்கர் எல்லாமாக 28 மெஷினில் தைத்து, செக்கிங் பார்த்துத் திருப்பி அனுப்புவது என் வேலை. ஜாப் ஒர்க். பீஸுக்கு இத்தனை ரூபாய்.

2025 ஆகஸ்ட் 27, புதன்கிழமை, விநாயகர் சதுர்த்தி. யூனிட் வாசலில் களிமண் பிள்ளையாரை வைத்துக் கொழுக்கட்டை படைத்துக்கொண்டிருந்தோம். அமெரிக்கா நம் சரக்குக்குப் போட்ட இரண்டாவது 25 சதவீத வரி அன்றைக்குக் காலை ஒன்பதரை மணிக்கு அமலுக்கு வந்தது. ஏற்கெனவே ஆகஸ்ட் 7 முதல் இருந்த 25ஓடு சேர்த்து 50. கற்பூரம் அணைவதற்குள் போன் வந்துவிட்டது. "கையில இருக்கிறதை முடிச்சுக் குடுத்துருங்கண்ணா. புதுசா பண்டல் வராது. பையர் ஹோல்டு பண்ணச் சொல்லீட்டான்." சனிக்கிழமை சம்பளம் போட்டேன். ஒடிசாப் பையன்கள் நாலு பேர் அன்று ராத்திரியே ரயில் ஏறினார்கள். மற்றவர்கள் வேறு யூனிட்டில் கேட்டுப் பார்ப்பதாகச் சொன்னார்கள்.

திங்கட்கிழமை காலை பழக்க தோஷத்தில் போய் ஷட்டரைத் தூக்கினேன். நல்ல டெய்லர் மெஷினை விட்டுப் போகும்போது ஒரு துண்டுத் துணியை ஃபுட்டுக்கு அடியில் வைத்து ஊசியை இறக்கிவிட்டுத்தான் போவார். கசியும் எண்ணெயை அந்தத் துணி குடித்துக்கொள்ளும். மறுநாள் முதல் பீஸில் கறை படாது. 28 மெஷினிலும் அப்படி வைத்திருந்தார்கள். திரும்பி வருவோமா என்று தெரியாதவர்கள்கூட வைத்திருந்தார்கள். கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு ஷட்டரை இறக்கிவிட்டேன்.

வண்டி யோசனை பையனுடையது. அவன் போனில் ஒரு வீடியோ காட்டினான். அமெரிக்காவில் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற கிழவனும் கிழவியும் கட்டில், அடுப்பு, கழிப்பறை எல்லாம் உள்ள பெரிய வண்டியில் ஒரு தீவுக்குப் போய், சீசன் முடிந்து ஆளில்லாத கடற்கரையில் நிறுத்திக்கொண்டு, நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். ஒரு வேலையும் இல்லை. என் கண் போனது கிழவனின் சட்டைமேல். கழுத்து ரிப், கை மடிப்பில் இரட்டை ஊசி பிளாட்லாக். நிறுத்திப் பெரிதாக்கிப் பார்த்தேன். நம் ஊர் வேலையாகவும் இருக்கலாம், வங்கதேசத்து வேலையாகவும் இருக்கலாம். லேபிள் தெரியவில்லை.

"நம்மகிட்டயும் வண்டி இருக்கேப்பா" என்றான் பையன். இருக்கிறது. பண்டல் ஏற்றும் டாடா ஏஸ். எல்லாரும் குட்டியானை என்பார்கள். பின்னால் மூடிய பாடி, ஏழடி நீளம், ஐந்தடிக்குச் சற்றுக் குறைந்த அகலம். விற்காமல் கிடந்த கட்டிங் வேஸ்ட் மூட்டை மூன்றைப் பிரித்துப் பரப்பி, மேலே பவானி ஜமுக்காளம் விரித்தோம். திருப்பூரில் வேஸ்டைக் கலர்வாரியாகப் பிரித்துத்தான் விற்பார்கள். இது பிரிக்காதது, கறுப்பும் சிவப்பும் நேவியும் கலந்து கிடந்தது. ஐந்து கிலோ சிலிண்டர், ஒற்றை அடுப்பு, குக்கர், இரண்டு கேன் தண்ணீர். செவ்வாய் விடியக் காலை நானும் வீட்டுக்காரியும் கிளம்பினோம்.

அம்மாவின் கேள்விக்கு ஒரு பதில் முந்தின நாளே எனக்குக் கிடைத்திருந்தது. எங்கள் கணக்கைப் பார்க்கிற ஐயா எழுபது தாண்டிய வைணவர், ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கம். ஜி.எஸ்.டி. தாக்கல் செய்ய வந்தவரிடம் பேச்சுவாக்கில் சொன்னேன்: "நாள் கிழமை இல்லாமப் போறனுங்க, போலாமுங்களா?" அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். அப்படி வைத்தால் அரை மணி நேரம் கணக்கு நகராது.

பிள்ளை லோகாசாரியர் 'ஸ்ரீவசன பூஷணம்' என்றொரு நூல் எழுதியிருக்கிறாராம். அதில் சரணாகதிக்கு இடக் கட்டுப்பாடு இல்லை, காலக் கட்டுப்பாடு இல்லை, இப்படித்தான் செய்யவேண்டும் என்பதில்லை, இன்னார்தான் செய்யலாம் என்பதில்லை, இன்ன பலனுக்குத்தான் என்பதும் இல்லை என்று வரிசையாக விலக்கிக்கொண்டே போகிறாராம். திரௌபதி குளித்துவிட்டா கூப்பிட்டாள் என்று கேட்கிறாராம். ஒரே ஒரு கட்டுப்பாடு மட்டும் மிச்சம்: யாரிடம் என்பது. அதற்கு 'விஷய நியமம்' என்று பெயர். "காலத்தை விட்டுத் தள்ளுங்கோ. யார்கிட்டப் போறோம்கிறதில் மட்டும் தப்பு வரப்படாது" என்று சொல்லிவிட்டுக் கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

மதுரை ரிங் ரோட்டில் யானைமலை தெரிந்தபோது வீட்டுக்காரிக்கு இதைச் சொன்னேன். பிள்ளை லோகாசாரியர் காலமானது அந்த மலைப் பக்கம்தான், கொடிக்குளத்தில். 1323இல் டில்லிப் படை ஸ்ரீரங்கத்துக்கு வந்தபோது நம்பெருமாளைத் தூக்கிக்கொண்டு வெளியேறினார், தள்ளாத வயது, வழியில் இங்கே உயிர் போனது. பெருமாள் அதன்பிறகு மலையும் காடுமாகச் சுற்றி, 1371இல்தான் ஸ்ரீரங்கம் திரும்பினார். 48 வருஷம்.

"அப்ப சாமியே குட்டியானையிலதான் குடியிருந்தாருங்களா?" என்றாள்.

பல்லக்கில் என்றேன். இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை என்று அவள் நினைத்தது முகத்தில் தெரிந்தது.

பாம்பன் பாலத்தில் ஏறும்போது உச்சி வெயில். பக்கத்தில் ரயில் பாலங்கள்: 1914ஆம் வருஷத்துப் பழையது துருவோடு நிற்க, அதை ஒட்டி 2025 ஏப்ரலில் திறந்த புதியது. கப்பல் வந்தால் 72.5 மீட்டர் நீளமுள்ள அதன் நடுப்பகுதி அப்படியே மேலே எழும்பி வழி விடும். நாங்கள் பார்த்தபோது எழும்பவில்லை. கச்சான் காற்று வண்டியைப் பக்கவாட்டில் தள்ளியது. தங்கச்சிமடம் பக்கம் ஒரு தென்னந்தோப்பில், காவலுக்கு இருந்தவரிடம் நாள் வாடகை பேசி நிறுத்தினோம். மோட்டார் ரூமை ஒட்டிக் கழிப்பறை இருந்தது. தண்ணீர் உப்பில்லை. தோப்பு வேலியைத் தாண்டினால் கடல், அலையே இல்லாமல். அது பெண்கடல் என்று காவல்காரர் சொன்னார். தெற்கே மன்னார் வளைகுடாப் பக்கம் ஆண்கடல், இந்த மாதங்களில் அடித்துக்கொண்டே இருக்கும். ஐப்பசிக்கு மேல் வாடை திரும்பினால் இரண்டும் குணம் மாறிக்கொள்ளுமாம்.

ராத்திரி அரிசிம்பருப்பு வைத்து, தேங்காய் எண்ணெய் ஊற்றிச் சாப்பிட்டோம். வளர்பிறை நிலா. கதவைத் திறந்து வைத்துக்கொண்டு வேஸ்ட் மெத்தையில் படுத்தோம். எனக்குத் தூக்கம் வரவில்லை. 'சும்மா இரு' என்று பெரியவர்கள் சொன்னதைப் பற்றி எழுத என்னிடம் ஒன்றும் இல்லை. ராமநாதபுரத்தில் சமாதி கொண்டிருக்கும் தாயுமானவர் போன்றவர்களுக்கு அது சரி. மெஷின் சும்மா இருந்தால் இ.எம்.ஐ. சும்மா இருப்பதில்லை. ஐந்தாம் தேதி என்ன செய்வது என்று கணக்குப் போட்டுக்கொண்டே தென்னங்கீற்றைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த அமெரிக்கக் கிழவன் அப்படிச் சாய்ந்து உட்கார அவனுக்குப் பென்ஷன் இருந்திருக்கும். ஓய்வும் கையில் காசுள்ளவனுக்கு ஒரு மாதிரி, இல்லாதவனுக்கு இன்னொரு மாதிரி.

புதன்கிழமை தீர்த்தமாடினோம். இதற்கு முன் ஒரே ஒரு முறை ராமேஸ்வரம் வந்திருக்கிறேன், அப்பாவுக்காக ஒரு தை அமாவாசையன்று. அக்னி தீர்த்தத்தில் தண்ணீரே தெரியவில்லை, தலைகள்தான் தெரிந்தன. கோயிலுக்குள் 22 கிணறுகளிலும் முட்டி மோதி, ஒவ்வொன்றிலும் மேலே நாலு துளி விழுந்ததா இல்லையா என்று தெரியாமல் ஓடி, சாயங்காலமே பஸ் ஏறி, மறுநாள் காலை எட்டரைக்கு யூனிட்டில் நின்றேன். இந்த முறை கிணற்றுக் கட்டைமேல் நின்று இறைத்தவர் ஒவ்வொரு கிணற்றிலும் எங்கள் இருவருக்கும் தனித்தனி வாளி ஊற்றினார். முதல் வாளி விழுந்ததும் மூச்சு நின்று வந்தது. ஒரு கிணற்றுத் தண்ணீர் வெதுவெதுப்பாக, அடுத்தது சில்லென்று, இன்னொன்று லேசாகக் கரித்தது. ஆயிரத்துக்கு மேல் தூண் நிற்கும் மூன்றாம் பிராகாரத்தில் ஈரத் துணியோடு நாங்கள் மட்டும் நடந்தோம். எங்கள் கால் சத்தம் எங்களுக்கே கேட்டது.

கடைசியாகக் கோடி தீர்த்தம் முடிந்ததும் அவரிடம் சொன்னேன்: "இப்படி வந்தாத்தானுங்க திருப்தி. கூட்டம் இல்லாமப் பிரமாதமா இருக்குது."

அவர் கயிற்றைச் சுருட்டிக்கொண்டே, "உங்களுக்குப் பிரமாதம்ணே. காலைல இருந்து நீங்க மூணாவது குரூப்பு" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. ஆடி அமாவாசை ஜூலை 24ஆம் தேதியே போய்விட்டது. மகாளய அமாவாசைக்கு இன்னும் 18 நாள். நடுவில் இப்படித்தான் என்றார். வெளியே ஆட்டோக்காரர்களும் சங்கு, பாசி விற்கிறவர்களும் அதே முகத்தோடு உட்கார்ந்திருந்தார்கள். அந்த முகத்தைப் போன சனிக்கிழமை என் யூனிட்டில் 30 பேரிடம் பார்த்தேன். அவர்களுடைய வெறும் நாளைத்தான் நான் அமைதி என்று ரசித்துக்கொண்டிருந்தேன். என் ஷட்டருக்கு வெளியே நின்று யாராவது, "அடடா, மெஷின் சத்தமே இல்லை, என்ன அமைதி" என்று சொல்லியிருந்தால் அவனை என்ன செய்திருப்பேன்?

அன்றைக்குப் பூராவும் இது உறுத்தியது. காலக் கட்டுப்பாடு இல்லை என்று ஆசாரியர் சொன்னது கும்பிடுகிறவனுக்கு. கும்பிட வருகிறவனை நம்பிப் பிழைக்கிறவனுக்குக் காலம் உண்டு, நன்றாகவே உண்டு. அதே தீவில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. மீன் குஞ்சு பொரிக்கும் காலம். மீனுக்காக மனிதன் வேலையில்லாமல் இருக்கிற 61 நாள். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் எங்கள் ஊர்ச் சாயப்பட்டறைகள் மூடியபோது நொய்யலுக்காக நாங்கள் அப்படி இருந்தோம். அந்த இரண்டிலும் ஒரு நியாயம் இருக்கிறது, ஏதோ ஒன்று பிழைத்துக்கொள்கிறது. இப்போது என் மெஷின் நிற்பதால் எந்த மீன் குஞ்சு பொரிக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை.

வியாழக்கிழமை தனுஷ்கோடி. 1964 டிசம்பர் 22 ராத்திரிப் புயல் தின்ற ஊர். ஸ்டேஷன், சர்ச் எல்லாம் எலும்புக்கூடு. தலைமன்னாருக்குக் கப்பல் ஏற போட் மெயிலில் ஆள் வந்து இறங்கிய ஊருக்கு இப்போது வெறும் பார்வையாளர்கள்தான் வருகிறார்கள். ரோட்டின்மேல் மணல் பாம்பு மாதிரி ஊர்ந்துகொண்டிருந்தது. வண்டிக்குள், மெத்தைக்குள், குக்கர் மூடிக்குள் எல்லாம் மணல். குடிசைகளுக்குப் பக்கத்தில் ஒரு அம்மா ஊற்றுத் தோண்டி உட்கார்ந்திருந்தார். முழங்கை ஆழம், கடலிலிருந்து கூப்பிடு தூரம். மணலைக் கையால் ஒதுக்கினால் அடியில் கலங்கலாகத் தண்ணீர் சுரக்கிறது. முதலில் சுரந்ததை வாரிக் கொட்டிவிட்டார். இரண்டாவதையும் கொட்டினார். மூன்றாவது தெளியும்வரை என் வீட்டுக்காரியிடம் ஊர், பிள்ளைகள் எல்லாம் விசாரித்தார். பிறகு ஒரு கொட்டாங்கச்சியால் மேலாக அள்ளி அள்ளிக் குடத்தில் ஊற்றினார். குடம் நிறைய அரை மணி நேரம் ஆயிற்று. எங்களுக்கும் குடிக்கக் கொடுத்தார். நல்ல தண்ணீர்.

"தினமுமுங்களா?" என்று கேட்டாள் இவள். "தண்ணிக்கு என்னத்தா லீவு" என்றார்.

திரும்பும் வழியில் கோதண்டராமர் கோயில். புயலிலும் நின்றது அது. விபீஷணன் ராமனிடம் அடைக்கலம் புகுந்த இடம் என்பார்கள். உள்ளே நாங்கள் இருவரும் பட்டரும்தான். இங்கேதான் அம்மாவின் கேள்வி எனக்கு நேராக வந்தது. ராமாயணத்தில் அதே கேள்வியை ஜாம்பவான் கேட்கிறார். எதிரியின் தம்பி, போர் மூளும் நேரத்தில், கடற்கரையில், கூப்பிடாமல் வந்து நிற்கிறான். இடமும் சரியில்லை, காலமும் சரியில்லை. இவனைச் சந்தேகிக்க வேண்டும் என்கிறார். அனுமன் ஒருவன்தான் மறுத்து, இவன் வருவதற்கு இதுதான் இடம், இதுதான் காலம் என்று எடுத்துச் சொல்கிறான். வால்மீகியில் இருக்கிற வாதம் இது. கணக்கு ஐயா பல தடவை சொல்லி எனக்கு மனப்பாடம்.

ஆனால் ஜாம்பவானுடைய சந்தேகத்தை நான் அவ்வளவு லேசாக விடத் தயாரில்லை. விபீஷணன் அண்ணன் சபையில் மரியாதையாக இருந்தவரை வரவில்லை. அவமானப்பட்டு, போக்கிடம் இல்லாமல் ஆன பிறகுதான் வந்தான். நானும் அப்படித்தான். 22 வருஷமாக யூனிட் நடத்துகிறேன். ஒன்றரை ஷிப்ட் ஓடிய வருஷங்களில் வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கிற வீரராகவப் பெருமாளைக்கூட வண்டியில் போகிறபோதே கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனவன். பையர் ஹோல்டு போட்ட பிறகு வந்து நிற்பதற்குப் பக்தி என்று பெயர் வைத்தால் எனக்கே சிரிப்பு வருகிறது. ராமன் இதைக் கேட்கவில்லை என்பதுதான் கதை. ஏன் நேற்று வரவில்லை என்று கேட்கவே இல்லை. கேட்டிருந்தால் விபீஷணனிடம் பதில் இருந்திருக்காது. என்னிடமும் இல்லை.

வெள்ளிக்கிழமை விடுமுறை நாள், கூட்டம் வரும் என்று காலையிலேயே கிளம்பிவிட்டோம். ராமநாதபுரத்திலிருந்து தெற்கே திருப்புல்லாணி பக்கம்தான். அங்கே ஒரு சன்னிதியில் ராமன் பட்டாபிஷேகக் கோலத்தில் இல்லை, வில்லேந்தி நிற்கவும் இல்லை. தர்ப்பைப் புல்மேல் படுத்திருக்கிறான். கடலைத் தாண்ட வழி கேட்டு, கடலரசனை வேண்டி மூன்று நாள் கிடந்த கோலம். பெண்டாட்டி அக்கரையில். படை இக்கரையில், கை கட்டிக்கொண்டு. மூன்று நாளும் கடல் பதில் சொல்லவில்லை.

நான் அந்தச் சன்னிதியில் வெகுநேரம் நின்றேன். மூன்று நாள் அப்படிக் கிடந்தவன் எழுந்ததும் வில்லை வளைத்ததைக் கோபம் என்கிறார்கள். மாசக் கணக்கில் மெயிலுக்குப் பதில் வராமல் உட்கார்ந்திருக்கும் எந்த ஃபேப்ரிகேஷன்காரனுக்கும் அந்தக் கோபம் புரியும். ஐயா சொல்வதோ வேறு. விபீஷணன் குளிக்கவில்லை, கிழக்கே பார்க்கவில்லை, ஒரு முறையும் செய்யவில்லை. அவன் சரணாகதி பலித்தது. ராமன் தர்ப்பை விரித்து, கைகூப்பி, கிழக்கே பார்த்து, முறை தவறாமல் செய்தான், அது பலிக்கவில்லை. செய்தவனுக்கு அது தேவையில்லை, கேட்கப்பட்ட கடலுக்கு அதை ஏற்கத் தகுதியில்லை. விஷயம் மாறிப்போயிற்று என்பார்.

என் ஊர் முழுக்கக் கடலைப் பார்த்துத்தான் படுத்திருக்கிறது. தூத்துக்குடியில் கன்டெய்னர் ஏறி அக்கரை சேர வேண்டும். அங்கேயிருந்து ஒரு மெயில் வர வேண்டும். குளித்து, ஊதுபத்தி கொளுத்தி, நல்ல நேரம் பார்த்து, ஒரு முறை விடாமல் 22 வருஷம் செய்திருக்கிறேன். அதை வேறு யாரிடம் செய்திருக்க வேண்டும் என்று ஐயாவைப் போல எனக்குச் சட்டென்று சொல்ல வரவில்லை. பெருமாளிடம் என்றால், 30 பேருக்குச் சனிக்கிழமைச் சம்பளம் பெருமாள் போடுவாரா என்று உடனே ஒரு வாய் கேட்கிறது. அந்த வாயை அடக்கவும் தெரியவில்லை, அது சொல்வதை முழுசாக நம்பவும் முடியவில்லை.

"பாயசம் வாங்கிக்கிறீங்களா?" என்று வீட்டுக்காரி கூப்பிட்டாள். திருப்புல்லாணிப் பாயசம் பிள்ளை வரம் கேட்பவர்களுக்குப் பேர் போனது. எங்களுக்கு அந்தச் சீசனும் முடிந்துவிட்டது. இரண்டு பேரும் தொன்னையில் வாங்கிக் குடித்தோம்.

வீடு வந்ததும் அம்மா கேட்டது, "தீர்த்தம் கொண்டாந்தியா?" ஒரு கேன் கொண்டுவந்திருந்தோம். தலையில் தெளித்துக்கொண்டாள். நாள் சரியில்லை என்றதை அதன்பிறகு சொல்லவில்லை.

மாசக் கடைசியில் லோக்கல் மார்க்கெட்டுக்கு ஒரு சின்ன லாட் கிடைத்தது. குழந்தைகள் பனியன், ரேட் கம்மி, ஒன்பது பேருக்குத்தான் வேலை. ஓவர்லாக்காரர் ஒருவர் வந்து ஃபுட்டைத் தூக்கி, எண்ணெய் குடித்து மஞ்சளாகிப்போன துண்டை எடுத்துப் போட்டுவிட்டு மெஷினை ஓட்டினார். பண்டலை அதே வண்டியில்தான் கொண்டுவந்தேன். எத்தனை தடவை கூட்டியும் பலகை இடுக்கில் இருந்தது போகவில்லை போலிருக்கிறது. செக்கிங்கில் இருக்கும் அக்கா ஒரு பீஸைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்து, விரலால் தடவி, "ஏனுங்கண்ணா, நெறுநெறுங்குது, இதுல மணல் எப்படி வந்துச்சு?" என்றார்.

தனுஷ்கோடி மணல் என்றேன். அவர் பீஸை டேமேஜ் பெட்டியில் போடவில்லை. வாசலுக்குக் கொண்டுபோய் இரண்டு உதறு உதறிவிட்டு, மடித்து அடுக்கில் வைத்தார்.